குழாயடியில் சொன்ன ஒரு வார்த்தை

இன்று மத்தியானம் எதிர் பில்டிங்கிலிருந்து ஒரு பெண் தட்டு ஒன்றை வாழையிலையால் மூடி எடுத்துக்கொண்டு வந்தாள். கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகாத பெண். இலையை அவள் விலக்கினாள். வெண்ணெயில் கருகிய ரொட்டியின் ஓரம், உருகி வழிந்த சீஸ், அதற்குள்ளிருந்து எழும் பச்சை மிளகாய்க் காரம். ஆறு வருஷமாக இந்த வாசனை வரும் தெருப்பக்கம் நான் போவதில்லை. இன்று அது என் வீட்டுக் கூடத்துக்கே வந்துவிட்டது.

"மாதர் சங்கத்துல இந்த வருஷம் மறுபடியும் போட்டி வெக்கறா மாமி. போன தடவை முதல் பரிசு நீங்கதான் வாங்கினேளாமே? ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்து என்ன குறைன்னு சொல்லுங்கோ" என்றாள்.

இன்று எனக்கு ஒருபொழுது என்று பொய் சொன்னேன். பரவாயில்லை, வைத்துவிட்டுப் போகிறேன் என்றாள். வேண்டாம், எடுத்துக்கொண்டு போ என்று கொஞ்சம் கடுமையாகவே சொல்லிவிட்டேன். முகம் சுருங்கிப் போய்விட்டாள். கதவைத் திறந்து போட்டும் வாசனை போகவில்லை. அதனால்தான் உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன். உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. ஒரே கட்டடத்தில் மேலும் கீழுமாக இருந்தவர்களுக்குள் கடிதத்துக்கு என்ன வேலை இருந்தது?

நீ ரங்கூனிலிருந்து வந்து இறங்கிய நாள் நினைவிருக்கிறது. உன் மாமியார் இங்கே பம்பாய் மாட்டுங்காவில் விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார் என்று தந்தி போய், அவரைப் பார்த்துக்கொள்ள நீ மட்டும் கிளம்பி வந்தாய். உன் கணவர் மூன்று மாதத்தில் லீவு போட்டு வருவதாகச் சொல்லி அங்கேயே தங்கினார். உன் டிரங்குப் பெட்டியை இறக்கி வைக்க நானும் ஒரு கை கொடுத்தேன். பெட்டிக்குள் புடவைகளுக்கு நடுவே அந்த இரும்புச் சாமான் இருந்தது. கீல் போட்ட இரண்டு சதுரத் தகடுகள், முழ நீளத்துக்குக் கைப்பிடி.

"என்னடி இது, பாம்பு பிடிக்கிற கிடுக்கியா?" என்று கேட்டேன்.

வந்த களைப்பிலும் நீ சிரித்தாய். "ரங்கூன்ல கீழாத்து ஆங்கிலோ பர்மாக்காரி கொடுத்தா. இதுல ரொட்டி வாட்டித் தரேன் இரு. அப்பறம் சொல்லு, பாம்பா பழுதான்னு."

மூன்று மாதம் ஆவதற்குள் ஜப்பான்காரன் ரங்கூனுக்கு வந்துவிட்டான். கடிதம் நின்றது. மாதா மாதம் வந்துகொண்டிருந்த பணமும் நின்றது. பர்மாவிலிருந்து காட்டு வழியாக நடந்தே வந்தவர்கள் யாராவது வடாலாவிலோ செம்பூரிலோ இருப்பதாகக் கேள்விப்பட்டால் நாம் இருவரும் போய் விசாரிப்போம். ஒருநாள் செம்பூரில் ஒரு மனிதர், காலில் புண்ணோடு கட்டிலில் படுத்திருந்தார். நீ உன் கணவர் பெயரையும் கம்பெனி பெயரையும் சொன்னாய். அவர் உன் முகத்தைப் பார்க்காமல், "வழியிலே உட்கார்ந்தவா யாரும் எழுந்திருக்கலை அம்மா. உங்காத்துக்காரர் கிளம்பாம அங்கேயே இருந்திருந்தார்னா அதுதான் நல்லது" என்றார். ரயிலில் திரும்பி வந்தோம். ஸ்டேஷனில் இறங்கியதும், "பாகீ, நாளைலேர்ந்து டோஸ்ட் போட்டு விக்கப் போறேன்" என்றாய்.

அரிசிக்கு ரேஷன் கடை வாசலில் காலையிலிருந்து நிற்க வேண்டியிருந்த காலம் அது. அதுவரை ரொட்டியைத் தீட்டென்று தள்ளிவைத்த ஆத்திலெல்லாம் ரொட்டி புகுந்துவிட்டது. நீ கீழ் வீட்டில் இருந்தாய். தெருப்பக்கத்து ஜன்னல்தான் உன் கடை. ஜன்னலுக்கு உள்ளே குமுட்டி அடுப்பு, அதன் மேல் அந்த இரும்பு. ரொட்டியின் வெளிப்பக்கம் ஆத்து வெண்ணெய். உள்ளே டின் சீஸைத் துருவி, பச்சை மிளகாய், இஞ்சி, இடித்த மிளகு. மூடி, கங்கின் மேல் வைத்துத் திருப்புவாய். நான் மிளகாய் நறுக்கிக் கொடுப்பேன். நான் இரும்பைத் திறந்து திறந்து பார்த்தால் உனக்குக் கோபம் வரும். "கண்ணால பார்க்காதே. காதால கேளு. சத்தம் அடங்கினா வெந்தாச்சு" என்பாய்.

சாயங்காலம் ஆபீஸ் விட்டு ஸ்டேஷனிலிருந்து வருகிறவர்கள் உன் ஜன்னலில் வரிசையாக நின்றார்கள். ரயில்வே குமாஸ்தாக்கள், இன்ஷூரன்ஸ் ஆபீஸ்காரர்கள், குடுமி வைத்த வாத்தியார் ஒருவர். என் கணவரும் நின்றார். அதை உன்னிடம் நான் சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன். ஆத்துக்கு வந்து கால் அலம்புவதற்கு முன்னாலேயே உன் டோஸ்டைப் பற்றிப் பேசுவார். "அந்தப் பொண்ணு கையில ஏதோ இருக்கு" என்பார். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் என் ரசத்தைப் பற்றிக்கூட அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நல்லது கெட்டது எதுவும் சொன்னதில்லை. எனக்கு உன் மேல் கோபம் என்று அப்போது தெரியவில்லை. தலைவலி என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு மத்தியானம் ஜன்னலைச் சாத்திவிட்டு இருவரும் தரையில் உட்கார்ந்திருந்தோம். மீந்த ஒரு டோஸ்டை நீ எனக்கு நீட்டினாய். நீ ஏன் ஒருநாளும் இதைச் சாப்பிடுவதில்லை என்று கேட்டேன். நீ உள்ளறையில் மாமியார் தூங்குகிறாரா என்று எட்டிப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தாய்.

"உன்கிட்ட மாத்திரம் சொல்றேன். பாலை உறைய வெக்க கன்னுக்குட்டி வயத்துலேர்ந்து ஏதோ ஒரு ஜலம் எடுத்து விடுவாளாம். இரும்பு கொடுத்த அந்த ரங்கூன்காரி சொன்னா. எல்லா சீஸும் அப்படியா, இந்த டின்னு அப்படியா, எனக்குத் தெரியாது. ஆனா வாயில வெக்க முடியலை."

நான் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டேன்.

"தெரிஞ்சே எல்லாருக்கும் கொடுக்கறியேடி?"

"கொடுக்கறேன். பாவம்தான். மாமியாருக்கு மருந்து வாங்கணும், என்னடி பண்ணச் சொல்றே? அவர் வந்துட்டா இந்த இரும்பைக் கிணத்துல போட்டுட்டு ராமேஸ்வரம் போய்ட்டு வரேன்" என்றாய். அழவில்லை. என் மடியிலிருந்த ரொட்டித் துகளை நீயே தட்டிவிட்டாய்.

வங்காளத்தில் ஜனங்கள் பட்டினியால் தெருவில் விழுந்து சாகிறார்கள் என்று பத்திரிகையில் வந்துகொண்டிருந்த வருஷம். அவர்களுக்கு நிதி சேர்க்க நம் மாதர் சங்கத்தில் ஒரு பலகாரச் சந்தை வைத்தார்கள். புதுமாதிரி சிற்றுண்டிக்குப் போட்டி. ஜெயிக்கிறவளுக்கு ஒரு வெள்ளிக் குங்குமச் சிமிழ். அதைவிடப் பெரிதாக, சங்கத்துக் கட்டடத்தில் தினம் சாயங்காலம் டிபன் போட்டு விற்கிற உரிமை. ஜன்னல் வழியாக விற்கிற உனக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் என் பெயரையும் கொடுத்தேன்.

உன்னிடம் வந்து சொன்னேன். "என்ன பண்ணப் போறே?" என்றாய். "நானும் சீஸ் டோஸ்ட்தான். ஆனா டின் வேண்டாம். பாலை எலுமிச்சம்பழம் விட்டுத் திரிச்சு, துணியில கட்டி, அம்மியை மேல வெச்சு அழுத்தி நானே பண்ணிக்கறேன்" என்றேன். நீ தலையை ஆட்டினாய். "அது உருகாதேடி" என்று மட்டும் சொன்னாய். அதோடு விடவில்லை. நான் தோசைக்கல்லில் வாட்டுவதாக இருந்ததைக் கேட்டு, மேலே பாரம் வைக்க உன் பித்தளை அடுக்கைக் கொடுத்தனுப்பினாய்.

சந்தை நடந்த சாயங்காலம் என் மேஜையும் உன் மேஜையும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. நீ சொன்னது போலவே ஆயிற்று. என் சீஸ் உருகவில்லை. ரொட்டிக்கு நடுவே ஈர மாவு மாதிரி உதிர்ந்தது. ஒரு மாமி கடித்துப் பார்த்து, "நன்னா இருக்கு பாகீரதி" என்று சொல்லிவிட்டு மீதியை இலைக்கடியில் மறைத்து வைத்ததைப் பார்த்தேன். உன் மேஜையில் கூட்டம் நெருக்கியது. நீ இரும்பைத் திறக்கும்போதெல்லாம் ஒரு ஆவி எழும். எல்லோரும் ஒரு அடி முன்னால் வருவார்கள். சங்கத் தலைவி கமலா மாமி இரண்டாவது தடவை வாங்கிச் சாப்பிட்டார். என் கணவர் அங்கே நின்று பிறருக்கும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

கை அலம்பப் பின்பக்கம் குழாயடிக்குப் போனேன். அங்கே விசாலம் மாமி நின்றிருந்தாள். சங்கத்தில் அவளிடம் ஒன்று சொன்னால் தண்டோரா போட வேண்டியதில்லை. அது எனக்குத் தெரியும். தெரியாமல் வாய் தவறிவிட்டது என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படி இல்லை. அவளைப் பார்த்துவிட்டுத்தான் குழாயடிக்குப் போனேன்.

"நீங்க அந்த டோஸ்டைச் சாப்பிட்டேளா மாமி? ஐயோ. நான் பண்ணினது சுத்தப் பால். அந்த டின் சீஸ்ல கன்னுக்குட்டி வயத்து ஜலம்னா கலக்கறா. அவளே சொல்லியிருக்கா."

பத்து நிமிஷம் ஆகவில்லை. குழாயடியில் பெண்கள் வாயைக் கொப்பளித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி விரலை விட்டு வாந்தி எடுத்தாள். யாரோ உன் மேஜையிலிருந்த தட்டை ஒரு குச்சியால் தள்ளிவிட்டார்கள்; கையால் தொடக் கூடாதாம். கமலா மாமி உன் முன்னால் வந்து நின்றார். அவர் வாய் ஓரத்தில் இன்னும் வெண்ணெய் இருந்தது.

"நெஜமாடி பொண்ணே? இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லு. நாங்க நம்பறோம்."

நீ இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவர்கள் நம்பியிருப்பார்கள், நம்பத்தான் காத்திருந்தார்கள். நீ இரும்பைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாய். "கேள்விப்பட்டது உண்டு மாமி" என்றாய்.

எனக்கு முதல் பரிசு கொடுத்தார்கள். டிபன் விற்கிற உரிமையும் எனக்கு வந்தது. ஒன்றரை மாதம் ஓடியது. யாரும் என் டோஸ்டைச் சாப்பிட வரவில்லை. பாலும் கிடைக்கவில்லை. அதை மூடினார்கள்.

உனக்கு நடந்ததெல்லாம் நான் மேல் வீட்டிலிருந்து காதால் கேட்டது. உன் மாமியார் உன் கையால் தண்ணீர்கூட வாங்கமாட்டேன் என்று முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் படுத்துக்கொண்டார். மூன்றாம் நாள் செம்பூரிலிருந்து இளைய பிள்ளை வந்து அவரைத் தூக்கிக்கொண்டு போனார். உன்னை வா என்று அவர் கூப்பிடவில்லை. அடுத்த மாதம் நீ வடாலாவில் ஒண்டுக்குடித்தனச் சால் ஒன்றில் ஓர் அறைக்குப் போனாய். வாசலில் கைவண்டியில் டிரங்கை ஏற்றும்போது நான் ஜன்னல் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். இறங்கி வரவில்லை.

துறைமுகத்தின் ஒரு வாசலில் நீ டோஸ்ட் போடுகிறாய் என்று பால்காரி சொன்னாள். பங்குனி வெயிலில் ஒருநாள் யாருக்கும் சொல்லாமல் ரயிலேறி வந்தேன். உன்னிடம் பேசத்தான் வந்தேன். சுவர் ஓரமாக ஒரு சாக்கைக் கட்டி நிழல் பண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். கறுத்திருந்தாய். மூட்டை தூக்குகிறவர்கள், கிரேன்காரர்கள், தாராவியிலிருந்து வேலைக்கு வந்த நம் தென்பக்கத்து ஆட்கள் சுற்றி நின்றார்கள். ஒரு திருநெல்வேலிக்காரர் புதிதாக வந்தவர் போல இருந்தது. நீ அவரிடம் டோஸ்டைக் கொடுப்பதற்கு முன்னால், "இந்தச் சீஸ்ல கன்னுக்குட்டி வயத்து ஜலம் கலந்திருக்கும்னு சொல்றா. தெரிஞ்சுண்டு வாங்கிக்கோங்கோ" என்றாய்.

அவர் சிரித்தார். "எக்கா, பசிக்கிற வயித்துக்குக் கன்னுக்குட்டி வயிறு என்ன செய்யும்? நீங்க ரெண்டாக் குடுங்க" என்றார்.

நீயும் சிரித்தாய். என்னால் முன்னால் வர முடியவில்லை. வந்த வழியே திரும்பிவிட்டேன்.

சித்திரை பிறந்திருந்த வாரம். சாயங்காலம் நாலு மணி இருக்கும். மாட்டுங்காவில் எங்கள் ஆத்து ஜன்னல் கதவுகள் தாமாக அடித்துக்கொண்டன. அடுப்படியில் வரிசையாக இருந்த பாத்திரங்கள் விழுந்தன. ஜப்பான்காரன் குண்டு போட்டுவிட்டான் என்று எல்லோரும் தெருவுக்கு ஓடினார்கள். அரை மணி கழித்து இன்னொரு வெடிச் சத்தம், முதலாவதைவிடப் பெரிதாக. தெற்கே வானத்தில் கரும்புகை மேலே மேலே போயிற்று. டாக்கில் கப்பல் வெடித்துவிட்டது என்று ஆறு மணிக்குத் தெரிந்தது. நான் செருப்பைத் தேடினேன். என் கணவர் வாசலில் குறுக்கே நின்றார். "எங்கே போறே? அந்தப் பக்கமெல்லாம் எரியறது" என்றார். நின்றுவிட்டேன். அவரைத் தள்ளிவிட்டுப் போயிருக்கலாம்.

நாலாம் நாள் உன்னை ஆஸ்பத்திரியில் கண்டுபிடித்தேன். வராந்தாவில் படுக்கைகள் போட்டிருந்தார்கள். பறந்து வந்த இரும்பு ஒன்று உன் இடுப்பில் விழுந்திருந்தது. வலது கை முழங்கை வரை வெந்திருந்தது. கண் மட்டும் தெளிவாக இருந்தது.

"வந்துட்டியா" என்றாய்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"உன்கிட்ட மாத்திரம்தானேடி சொன்னேன். வேற யாருக்குத் தெரியும்?"

நான் வாய்விட்டு அழுதேன். "மெதுவா. பக்கத்துப் படுக்கைக்காரி இப்பத்தான் கண் அசந்தா" என்றாய்.

"என்னை மன்னிச்சேன்னு சொல்லு."

"சொல்லலாம். சொன்னா நீ நிம்மதியாப் போயிடுவே. ஆனா வர மாட்டேங்கறதே, பாகீ. வடாலாவுல உக்காந்து முயற்சி பண்ணிப் பார்த்தேன். இப்பவும் வரலை. பொய் சொல்ல வேண்டாம்னு பார்க்கறேன்."

பிறகு தண்ணீர் கேட்டாய். ஸ்பூனால் கொடுத்தேன். என் கையால் வாங்கிக் குடித்தாய்.

"அவர் வந்தார்னா..." என்றாய்.

"வருவார்."

"வந்தா உள்ளதைச் சொல்லு. நான் செஞ்சதையும் சொல்லு, நீ செஞ்சதையும் சொல்லு. எதையும் மூடாதே."

சரி என்றேன். அதற்கப்புறம் ஐந்து நாள் இருந்தாய். தினம் வந்தேன். ஒன்பதாம் நாள் காலையில் வந்தபோது அந்தப் படுக்கையில் வேறு ஒரு பெண் இருந்தாள்.

சண்டை முடிந்த மறு வருஷம் உன் கணவர் வந்தார். ஜப்பான்காரன் கையில் அகப்பட்டு, எங்கோ ரயில் பாதை போடுகிற இடத்தில் மண் சுமந்து, காய்ச்சலில் கிடந்து, பிழைத்து வந்திருந்தார். செம்பூரில் தாயாரைப் பார்த்துவிட்டு நேராக என் ஆத்துக்கு வந்தார். நாற்காலியில் உட்காரச் சொன்னேன். அதன் விளிம்பில் உட்கார்ந்தார்.

"அம்மா ஏதோ சாப்பாட்டு விஷயத்துல கோவிச்சுண்டேன்னு சொல்றா. சரியாப் புரியலை. அவ டாக் வாசலுக்கு எப்படிப் போனா? உங்களுக்குத் தெரியும்னு தம்பி சொன்னான்."

நான் உனக்குக் கொடுத்த வாக்கு நாக்கின் நுனியில் இருந்தது. "அங்கே வியாபாரம் நன்னா நடக்கும்னு போனா" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். காபியைக் குடித்துவிட்டுப் போனார். அதற்கப்புறம் மூன்று வருஷம், உன் திதிக்கு மறுநாள் தவறாமல் வந்து அதே நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து, உன்னைப் பற்றி ஏதாவது சொல்லுங்கள் என்பார். நீ ரயிலில் எந்தப் பக்கம் உட்காருவாய், ஜன்னலில் யார் யார் நிற்பார்கள், இப்படி எதையாவது சொல்லி அனுப்புவேன். ஒவ்வொரு தடவையும் அவர் எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போவார்.

இந்த வருஷம் வந்தபோது, வேலை மாற்றிக்கொண்டு தாயாரோடு கோயமுத்தூருக்குப் போவதாகச் சொன்னார். இனி வரமாட்டார் என்று தெரிந்ததும் எனக்குப் பயமா துணிச்சலா தெரியவில்லை, சொல்லிவிட்டேன். ஜன்னல் சாத்திய மத்தியானம், விசாலம் மாமி, குழாயடி, குங்குமச் சிமிழ், ஆஸ்பத்திரி எல்லாம். நீ செய்ததையும் சொன்னேன், நான் செய்ததையும் சொன்னேன். உள்ளேயிருந்த என் கணவரும் கேட்டுக்கொண்டிருந்திருக்க வேண்டும். பேப்பர் திருப்புகிற சத்தம் நின்றுவிட்டது.

உன் கணவர் என்னைத் திட்டவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"ரங்கூன் விழறதுக்கு முன்னாடி அவளோட ஒரு கடுதாசி வந்தது. அதுதான் கடைசி. காம்ப்ல என் சட்டையைப் பிடுங்கினபோது அதுவும் போயிடுத்து. ஆனா எனக்கு ஒரு வரிகூட மறக்கலை. 'நீங்க கவலைப்பட வேண்டாம். மேலாத்துல பாகீ இருக்கா. அவ இருக்கற வரைக்கும் எனக்கு ஒரு கெடுதலும் வராது.' அங்கே கிடந்த நாளெல்லாம் இதைச் சொல்லிச் சொல்லித்தான் தூங்குவேன்."

எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். வைத்த காபி அப்படியே இருந்தது. படியிறங்கும் சத்தம் கேட்டு முடிந்த பின்னும் நான் வாசலிலேயே நின்றேன்.

அந்த வரிகளை அவர் இப்போதும் தூங்கும்போது சொல்லிக்கொள்கிறாரா என்று எனக்குத் தெரியாது. நான் சொல்லிக்கொள்கிறேன்.